முழங்காலுக்குக் கீழே: தசை நரம்புகளும் அறுவைக் கத்தியும்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் கத்தி வைக்கும் எந்த அறுவை மருத்துவரும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். தசைகளுக்குப் போகும் நரம்புக் கிளைகளைக் கெடுக்காமல் எந்த வழியாக உள்ளே போவது? முதல் உலகப் போரின் குண்டுக் காயங்கள் தொடங்கி இன்றைய முழங்கால் மாற்று அறுவை வரை இதற்குப் பல பதில்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அதன் காலத்தில் முடிந்த முடிவாகவே தோன்றியது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றிலும் ஓட்டை கண்டார்கள்.

சென்னையின் தென்பகுதியை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வி மூன்று வாசல்களில் வந்து நிற்கிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் மூட்டு தேய்ந்து அறுவைக்கு நாள் குறிக்கும் முதியவர்கள் ஒரு பக்கம். தி.நகர் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்துக் காலில் சிரைகள் புடைத்துப்போனவர்கள் இன்னொரு பக்கம். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து முன்கால் எலும்பு முறிந்து வருபவர்கள் மூன்றாவது. எலும்பு மருத்துவம், இரத்தநாள அறுவை, விபத்துச் சிகிச்சை எனத் துறைகள் வேறு. ஆனால் மூன்றிலும் ஆபத்துக்கு உள்ளாவது பெரும்பாலும் ஒரே நரம்புதான்.

அது கெட்டால் என்ன ஆகும் என்பதைக் காலைக் கூர்ந்து பார்த்தாலே தெரியும். நடக்கும்போது பாதத்தை மேலே தூக்க முடியாது. முன்பாதம் தரையில் தட்டும். அதைத் தவிர்க்க, முழங்காலை வழக்கத்தைவிட உயர்த்தி அடி வைக்க வேண்டியிருக்கும். ரப்பர் செருப்பு நடக்க நடக்கக் கழன்று போகும். பாதத்தின் மேற்பகுதியில் உணர்ச்சியும் போயிருந்தால், கழன்றது தெரியாமலே நாலு எட்டு நடந்திருப்பார்கள். மருத்துவமனைகளில் இதை ஃபுட் டிராப் என்கிறார்கள். தமிழில் பாதத் தொய்வு.

## நரம்பு போகும் வழி

இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கும் சயாட்டிக் நரம்பு, பெரும்பாலோருக்கு முழங்கால் குழிக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. டிபியல் நரம்பு நேராகக் கீழே இறங்கிக் கெண்டைக்காலின் எல்லாத் தசைகளுக்கும் கிளை தருகிறது. குதிகாலை உயர்த்துவதும், பாதத்தை உட்புறம் திருப்புவதும், விரல்களை மடக்குவதும் அதன் பொறுப்பு. தடித்த தசைகளுக்கு அடியில் ஓடுவதால் அதற்கு இயற்கையான பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது கிளையான பெரோனியல் நரம்பின் கதை வேறு. அது வெளிப்பக்கமாக ஒதுங்கி, தொடையின் பைசெப்ஸ் தசைநாணை ஒட்டி இறங்கி, வெளிப்புறச் சிறு எலும்பான ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி முன்னால் வருகிறது. அந்த இடத்தில் அதற்கும் தோலுக்கும் இடையில் அதிகம் ஒன்றுமில்லை. மெலிந்தவர்களுக்கு விரலால் உருட்டியே உணரலாம். பிறகு அது இரண்டாகிறது. ஆழக்கிளை முன்புற அறைக்குள் நுழைந்து, பாதத்தைத் தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர், பெருவிரலைத் தூக்கும் தசை, மற்ற விரல்களைத் தூக்கும் தசை ஆகியவற்றை இயக்குகிறது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள சின்னத் தோல் இடுக்குக்கு உணர்ச்சி தருவதும் இதுவே. மேற்கிளை, பாதத்தை வெளிப்புறம் திருப்பும் இரண்டு தசைகளை இயக்கிவிட்டு, காலின் கீழ்ப்பகுதியில் உறைச்சவ்வைத் துளைத்துக்கொண்டு தோலுக்கடியில் வந்துவிடுகிறது.

பாடப்புத்தகப் படம் இவ்வளவுதான். இந்தப் படம் தவறல்ல, ஆனால் போதாது. எந்தத் தசைக்கு எந்த நரம்பு என்று அது சொல்கிறது. அந்தக் கிளை எந்த உயரத்தில் பிரிகிறது, பிரிந்தபின் எலும்பை எவ்வளவு நெருங்கி ஓடுகிறது, ஒரு தசைக்கு ஒரே கிளையா பல கிளைகளா என்று சொல்வதில்லை. அறுவை அரங்கில் சேதத்தைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான்.

## முதல் பதில்: இடைவெளி வழியே போ

அயர்லாந்தைச் சேர்ந்த ஆர்னால்ட் ஹென்றி, கெய்ரோவில் அறுவைப் பேராசிரியராக இருந்தவர். 1945இல் வெளிவந்த அவருடைய கைகால் அறுவை நூல் ஒரு தலைமுறையின் சிந்தனையை வடிவமைத்தது. வெவ்வேறு நரம்புகள் இயக்கும் இரண்டு தசைகளுக்கு இடையில் நுழைந்தால் இரண்டுமே உயிரோடு இருக்கும் என்பது இந்த மரபின் அடிப்படை. ஒரே நரம்பு இயக்கும் தசையை நடுவில் பிளந்தால் அதன் ஒரு பாதி செயலிழக்கலாம். 1984இல் ஹாப்பென்ஃபெல்ட் எழுதிய அறுவை வழிகள் பற்றிய நூல் இதையே படிப்படியாக, படத்தோடு, எலும்பு மருத்துவ மாணவர்கள் கைக்கு எட்டும்படி செய்தது.

ஃபிபுலாவுக்குப் போகும் வழியில் இந்த மரபின் நுட்பம் நன்றாகத் தெரியும். முதல் வேலை, பைசெப்ஸ் தசைநாணின் பின்விளிம்பில் பெரோனியல் நரம்பைக் கண்ணால் பார்ப்பது. அங்கிருந்து எலும்பின் கழுத்துவரை அதைத் தொடர்ந்து வந்து விடுவித்து, பக்குவமாக ஒதுக்கி வைக்க வேண்டும். அதன்பின்தான் தசைகளை எலும்பிலிருந்து உரிப்பது. அதையும் கீழிருந்து மேலாக உரிக்க வேண்டும். ஃபிபுலாவில் தொடங்கும் தசைநார்கள் எல்லாம் பாதத்தை நோக்கிச் சரிந்து இறங்குபவை. மேலிருந்து கீழே உரித்தால் கருவி எலும்பை விட்டு விலகித் தசைக்குள் புகுந்துவிடும், அங்கேதான் நரம்புக் கிளைகள் இருக்கின்றன. கீழிருந்து போனால் கருவி எலும்பை ஒட்டியே நகரும்.

முழங்காலின் வெளிப்புறச் சவ்வைத் தைப்பவர்களும் இதே மரபில் வந்தவர்களே. பைசெப்ஸ் தசைநாணுக்கு முன்னாலேயே இரு, பின்னால் போகாதே, முழங்காலை மடக்கி வைத்துக்கொள் என்பது அவர்கள் விதி. மடக்கினால் நரம்பு பின்னோக்கி நகர்ந்து வழிவிடும்.

பலவீனம் எங்கே? இந்த முறை பெரிய கீறலை எதிர்பார்க்கிறது. நரம்பைப் பார்த்துவிட்டு வேலை செய் என்று அது சொல்வதற்கு, பார்க்கும் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். இன்றைய அறுவைகளோ சின்னத் துளை வழியாக ஆணி, திருகு, கம்பி செலுத்துபவை. பார்க்காமல் செய்யும் வேலைக்கு வேறு வகை விதி தேவைப்பட்டது.

## இரண்டாவது பதில்: சென்டிமீட்டர் கணக்கு

அந்தத் தேவையிலிருந்து பிறந்தவைதான் பாதுகாப்பு மண்டலங்கள். சடலங்களின் கால்களைத் திறந்து, ஃபிபுலாவின் தலையிலிருந்து ஒவ்வொரு கிளையும் எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்று அளந்து, இங்கே வெட்டலாம், இங்கே கூடாது என்று கோடு போடுவது இந்த முறை. உடற்கூறு இதழ்களில் இத்தகைய அளவீடுகள் ஏராளம். இந்தியக் கல்லூரிகளிலிருந்தும் நிறைய வந்திருக்கின்றன.

இவற்றுள் அடிக்கடி நினைவுகூரப்படுவது 1992இல் கிர்கிஸும் ஆல்பிரெக்டும் வெளியிட்ட ஆய்வு. வளைந்த முழங்காலை நேராக்க முன்கால் எலும்பின் மேற்பகுதியை வெட்டும்போது ஃபிபுலாவையும் வெட்டுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. அதன்பின் சிலருக்குப் பெருவிரலை மட்டும் தூக்க முடியாமல் போனது. பாதம் தூக்குகிறது, மற்ற விரல்கள் தூக்குகின்றன, பெருவிரல் மட்டும் மடங்கியே கிடக்கிறது. காரணத்தை அவர்கள் சடலங்களில் தேடினார்கள். ஃபிபுலா தலைக்குக் கீழே ஏறத்தாழ 7 முதல் 15 சென்டிமீட்டர் வரையிலான பகுதியில், பெருவிரல் தசைக்குப் போகும் கிளை எலும்பை ஒட்டியே இறங்குகிறது. டிபியாலிஸ் ஆன்டீரியருக்குக் கிளைகள் மேலேயே பலவாகப் பிரிந்து விடுகின்றன. பெருவிரல் தசைக்கோ பலருக்கு ஒற்றைக் கிளைதான். அது போனால் மாற்று இல்லை.

1999இல் எடின்பரோவிலிருந்து ராபின்சனும் குழுவினரும் இதே காட்சியை வேறு அறுவையில் பதிவு செய்தனர். முன்கால் எலும்பு முறிவுக்கு உள்ளே ஆணி செலுத்திய 208 பேரில் 11 பேருக்குப் பெரோனியல் நரம்பு தளர்ந்தது. அவர்களில் எட்டுப் பேருக்குப் பெருவிரல் மட்டும் தொய்ந்தது. பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் இயக்கம் திரும்பியது என்பது ஆறுதல். ஆனால் பெருவிரலைத் தனியே சோதிக்காத வார்டில் இது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

சென்டிமீட்டர் கணக்குக்கு எதிரான முக்கியமான வாதம், கால்களின் நீளம் ஒன்றல்ல என்பது. ஐரோப்பியச் சடலத்தில் 7 சென்டிமீட்டர் என்பதைக் குள்ளமான ஒரு பாட்டியின் காலில் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. எனவே சிலர் மொத்த எலும்பு நீளத்தின் விகிதமாகச் சொல்லத் தொடங்கினார்கள். அது மேல், ஆனாலும் தனிமனித வேறுபாட்டை அதுவும் தீர்ப்பதில்லை. சராசரியைச் சொல்லும் ஆய்வைவிட, எல்லை விலகியவர்கள் எத்தனை பேர் என்று சொல்லும் ஆய்வே சர்ஜனுக்கு உதவும். வெளிவரும் அளவீடுகள் பலவும் சராசரியோடு நின்று விடுகின்றன.

இந்தக் கணக்கு இன்று வெறும் ஏட்டுச் சங்கதியாகவும் இல்லை. 2015இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து ஒரு முறை பேசப்படத் தொடங்கியது. முழங்காலின் உட்பக்கம் தேய்ந்தவர்களுக்கு, ஃபிபுலா தலைக்குக் கீழே 6 முதல் 10 சென்டிமீட்டருக்குள் 2 சென்டிமீட்டர் அளவு எலும்பை எடுத்துவிட்டால் வலி குறைகிறது என்றார்கள். செயற்கை மூட்டு வேண்டாம், செலவு குறைவு, கீறல் சிறியது. மூட்டு மாற்றுக்குப் பணம் புரட்ட முடியாதவர்கள் நிறைந்த நாட்டில் இது ஈர்ப்பதில் வியப்பில்லை. இந்தியாவில் பலரும் செய்து பார்த்து வெளியிட்டும் விட்டார்கள். ஆனால் 6 முதல் 10 என்பதும், கிர்கிஸ் குறித்த 7 முதல் 15 என்பதும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இந்த அறுவைக்குப் பின் பெருவிரல் தளர்ச்சியும் பாத மரத்துப்போதலும் பதிவாகியிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. வலி குறையும் பலன் நீடிக்குமா என்பதே இன்னும் முடிவாகாதபோது, அந்த இடத்தில் எலும்பு வெட்டும் துணிச்சலுக்கு ஆதாரம் போதவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

## ஏன் இந்த நரம்பே அடிபடுகிறது?

மூன்றாவது அணியினர் வழியைப் பற்றிக் கவலைப்படவில்லை, நரம்பின் தன்மையைப் பற்றிக் கேட்டார்கள். 1943இல் செடன் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். இழைகள் முறியாமல் தற்காலிகமாகச் செயல் நிற்பது, உள்ளிழை முறிந்து உறை தப்பிப்பது, முழுவதும் அறுந்துபோவது. 1951இல் ஆஸ்திரேலியரான சன்டர்லேண்ட் அதை ஐந்து படிகளாக நுணுக்கினார். டிபியல் நரம்பையும் பெரோனியல் நரம்பையும் குறுக்காக வெட்டி ஒப்பிட்டவரும் அவரே.

அவருடைய விளக்கத்தில் டிபியல் நரம்பு, பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கிய கண்ணாடி வளையல்களைப் போன்றது. இழைக்கட்டுகள் சிறியவை, நடுவில் இணைப்புத் திசு தாராளம், அழுத்தினாலும் தாங்கும். பெரோனியலில் கட்டுகள் பெரியவை, இடைத்திசு குறைவு. போதாததற்கு, மேலே இடுப்பிலும் கீழே ஃபிபுலா கழுத்திலும் அது இழுத்துக் கட்டியதுபோல் நிலைத்திருக்கிறது. நடுவில் இழுவை வந்தால் நெகிழ இடமில்லை.

இந்தப் பார்வையின் பலன் பெரியது. கத்தியே படாமல் நரம்பு கெடும் வழிகளை அது விளக்கியது. இறுக்கமான மாவுக்கட்டு, நாட்டுக் கட்டு, மயக்கத்தில் இருப்பவரின் முழங்கால் வெளிப்புறம் மேசை விளிம்பில் அழுந்துவது, நெடுநேரம் குந்தியிருந்து நாற்று நடுவது எல்லாம் ஒரே கணக்கில் வந்து சேர்ந்தன. வேகமாக எடை குறைத்தவர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தே பாதத் தொய்வோடு வருவதும் இதனால்தான். ஃபிபுலா கழுத்தருகே இருந்த கொழுப்பு மெத்தை கரைந்து விடுகிறது.

முழங்கால் மாற்று அறுவையில் நடப்பதும் பெரும்பாலும் வெட்டல்ல, இழுவையே. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் செய்த 10,361 முழங்கால் மாற்றுகளை இடுசுயியும் மோரியும் 1996இல் தொகுத்தார்கள். பெரோனியல் தளர்ச்சி வந்தது 32 முழங்கால்களில், அதாவது 0.3 சதவீதம். கால் வெளிப்புறமாக வளைந்தவர்களுக்கும், முன்பே முதுகுத் தண்டு அறுவை செய்தவர்களுக்கும், அறுவைக்குப் பின்னும் எபிடூரல் வலிமருந்து ஓடியவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது. கடைசியாகச் சொன்னது சிந்திக்க வைப்பது. வலி மரத்திருக்கும் நோயாளிக்குக் கட்டு இறுக்குவது தெரியாது, அவர் சொல்லமாட்டார்.

இந்த எண்ணை அப்படியே சென்னைக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே மூட்டு தேய்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் கால்கள் வில்போல உட்பக்கத் தேய்மானத்தோடு வளைந்தவை. வெளிப்புற வளைவு குறைவு. அந்த வகையில் நம்மவர்களுக்கு ஆபத்து குறையலாம். மறுபுறம், முழங்காலை முழுக்க நீட்டவே முடியாத நிலைவரை வலியைச் சகித்துவிட்டு வருபவர்கள் இங்கே அதிகம். மடங்கி இறுகிய காலை ஒரே அமர்வில் நேராக்கினால் பின்னால் உள்ள நரம்பு நீள வேண்டும். இரண்டில் எது மிஞ்சும் என்பதை ஊகத்தில் சொல்வது சரியல்ல.

அறுவை முடிந்த இரவில் பாதம் தூக்கவில்லை என்று தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. கட்டைத் தளர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கித் தலையணைமேல் வை. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பிறகு.

## செங்கல்பட்டு கொடுத்த விடை

இந்த விவாதத்தில் சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டில், உலகம் கவனித்த ஒரு பங்களிப்பு நடந்திருக்கிறது. அது நரம்பைக் காப்பது பற்றியதல்ல, கெட்டபின் என்ன செய்வது என்பது பற்றியது. ஆனால் கிளை பிரியும் உயரம் ஏன் முக்கியம் என்பதை வேறு எந்த ஆய்வும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த, தோலுக்கு அருகிலுள்ள இடங்களில் நரம்பைத் தாக்குகிறது. காலில் அது இரண்டு இடங்களை விரும்புகிறது. பெரோனியல் நரம்பை ஃபிபுலா கழுத்தில், டிபியல் நரம்பை உட்புறக் கணுக்காலின் பின்னால். முதலாவது பாதத் தொய்வைத் தருகிறது. இரண்டாவது உள்ளங்காலின் உணர்ச்சியைப் பறித்துப் புண்களுக்கு வழிவிடுகிறது. இரண்டு நரம்பும் பழுதான காலில் மிச்சம் என்ன இருக்கிறது? கெண்டைக்காலின் ஆழத்தில் டிபியாலிஸ் போஸ்டீரியர் என்ற தசை வலுவோடு இருக்கிறது. அதற்கான கிளை டிபியல் நரம்பிலிருந்து காலின் மேற்பகுதியிலேயே, கதகதப்பான ஆழத்தில் பிரிந்துவிடுகிறது. நோய் தாக்குவதோ வெகு கீழே, கணுக்காலில். ஆகவே தசை தப்பித்துவிடுகிறது.

அந்தத் தசையின் நாணைப் பாதத்தின் உட்புறத்திலிருந்து கழற்றி, முன்னால் கொண்டுவந்து பாதம் தூக்கும் வேலைக்கு அமர்த்தலாம் என்ற யோசனை போலியோ காலத்திலேயே அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது. 1946இல் வேலூர் வந்த பால் பிராண்டும் அவரைச் சுற்றி உருவான குழுவும் தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு இத்தகைய மாற்று அறுவைகளைக் கொண்டுவந்தார்கள். செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் இல்லத்தை மத்திய அரசு 1955இல் ஏற்று, ஆய்வு நிறுவனமாக்கியது. அங்கே பணியாற்றிய எச். சீனிவாசன், முகர்ஜி, சுப்பிரமணியம் மூவரும் 1968இல் பிரிட்டிஷ் எலும்பு மூட்டு அறுவை இதழில் ஒரு மாற்றத்தை முன்வைத்தார்கள். நாணை ஒரே இடத்தில் எலும்பில் புதைப்பதற்குப் பதில் இரண்டு வாலாகப் பிளந்து, ஒன்றைப் பெருவிரல் தூக்கும் நாணோடும், மற்றதை மற்ற விரல்களின் நாண்களோடும் தைத்தார்கள். இழுவை இரண்டு பக்கமும் பகிரப்பட்டதால் பாதம் ஒருபுறம் திரும்பிக்கொள்வது குறைந்தது. உணர்ச்சியற்ற பாதத்தில் எலும்பைத் துளைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

இதிலும் சர்ச்சை மிச்சமுண்டு. நாணை எலும்பைச் சுற்றித் தோலடியாகக் கொண்டுவருவதா, இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள சவ்வில் சன்னல் வெட்டி நேராகக் கொண்டுவருவதா? நேர்வழியில் இழுவையின் திசை நன்றாக அமைகிறது, ஆனால் சன்னலில் நாண் ஒட்டிக்கொள்ளக்கூடும். சுற்றுவழி எளிது, பாதத்தை உட்புறம் இழுக்கும் பழைய குணம் மட்டும் எஞ்சக்கூடும். இரு தரப்பிலும் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. அறுவைக்குப் பின் அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்கும் பிசியோதெரபிதான் வழியைவிட அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு. விபத்தாலோ அறுவையாலோ நரம்பு நிரந்தரமாகக் கெட்டவர்களுக்கும் இன்று இதே அறுவைதான் நம்பகமான புகலிடம். தொழுநோய்க்காக வளர்ந்த திறமை பிற நோயாளிகளுக்கும் கைகொடுக்கிறது.

## தி.நகர் கால்கள்

கடைச் சிப்பந்திகள் நின்றே வேலை செய்யும் வழக்கத்துக்கு எதிராக, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்தது. ஊழியர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்கிறது அது. சட்டம் வருவதற்கு முன்பே புடைத்துவிட்ட சிரைகளுக்கு அது சிகிச்சையாகாது. நரம்புச் சுருட்டல் என்று பேச்சில் சொல்லப்படும் இந்த வெரிகோஸ் வெயினில் கெட்டிருப்பது இரத்தநாளம். நரம்புக்கு ஆபத்து வருவது சிகிச்சையின்போதுதான்.

காலின் உட்புறம் ஓடும் நீண்ட சிரையைக் கணுக்கால்வரை உருவி எடுப்பது முன்பு வழக்கம். முழங்காலுக்குக் கீழே அந்தச் சிரையை ஒட்டியே உணர்ச்சி நரம்பு ஒன்று ஓடுகிறது. ஹோல்மேயும் குழுவும் 1990இல் ஒப்பிட்டபோது, கணுக்கால்வரை உருவியவர்களில் 39 சதவீதத்தினருக்கு அந்த நரம்பு பாதித்திருந்தது. முழங்காலோடு நிறுத்தியவர்களில் 7 சதவீதம். அதன்பின் விதி எளிதாகிவிட்டது: முழங்காலுக்குக் கீழே உருவாதே. இது தசையை இயக்கும் நரம்பல்ல என்பதால் மரத்துப்போதலோடு நின்றது.

கெண்டைக்காலின் பின்புறக் குட்டைச் சிரை அப்படிப்பட்டதல்ல. அது ஆழச் சிரையோடு சேரும் முழங்கால் குழியில் டிபியலும் பெரோனியலும் இரண்டுமே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சேரும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். இங்கே இரத்தம் கசியும்போது அவசரமாகக் கிளிப் போட்டால் பாதத் தொய்வில் முடியலாம். இன்று பெரும்பாலும் லேசர் அல்லது ரேடியோ அலையால் சிரையை உள்ளிருந்து சுட்டு மூடுகிறார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சிரையைச் சுற்றிக் குளிர்ந்த மருந்துநீரை ஏற்றி, வெப்பம் நரம்பை எட்டாமல் தள்ளிவைப்பது அதன் காப்பு. ஹென்றியின் பழைய அறிவுரை இங்கே புது உருவில் திரும்பியிருக்கிறது. பார்த்துவிட்டுச் செய் என்பதுதான் விஷயம், கண்ணுக்குப் பதில் திரை.

## வேண்டுமென்றே அறுப்பது

அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் கேள்வியே தலைகீழாகிறது. ஃபிபுலா தலையில் வளரும் எலும்புப் புற்றுக்கு மலாவர் 1984இல் இரண்டு வகை அறுவையைப் பிரித்தார். கட்டி அடங்கியிருந்தால் நரம்பைக் காப்பாற்றி எடுப்பது முதல் வகை. சுற்றுத் திசுவில் பரவியிருந்தால் பெரோனியல் நரம்பையும் சேர்த்தே எடுப்பது இரண்டாவது. இங்கே நரம்பைக் காப்பது பிழையாகக்கூட முடியலாம். நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லி, பாதத்துக்குத் தாங்கு காலணியோ பிறகு நாண் மாற்றோ திட்டமிடுவதே சரி. நரம்பு போனதா என்பதைவிட, தெரிந்து போனதா தெரியாமல் போனதா என்பது வழக்கு மன்றங்களிலும் பெரிய வேறுபாடு. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளி முடிவெடுக்கத் தேவையான அளவு விவரத்தைச் சொல்லியே ஒப்புதல் பெற வேண்டும் என்றது. பாதத் தொய்வு அந்த விவரத்தில் அடங்குமா என்று கேட்கவே வேண்டியதில்லை.

## கருவி காக்குமா?

நரம்பின் மின்சமிக்ஞையை அறுவை நடக்கும்போதே கண்காணிக்கலாம் என்பது அண்மைய பதில். முதுகுத் தண்டு அறுவையில் இது நிலைத்துவிட்டது. கால் நீட்டும் அறுவையிலும் இதற்கு ஆதரவாளர்கள் உண்டு. 2003இல் நோகெய்ராவும் பேலியும் தொகுத்த 814 நீட்டல்களில் 76இல், அதாவது 9.3 சதவீதத்தில், நரம்பு பாதித்திருந்தது. இவ்வளவு அதிகமாக நேரும் இடத்தில் கருவிக்கு அர்த்தம் உண்டு. 0.3 சதவீத ஆபத்துள்ள மூட்டு மாற்றில் ஒவ்வொருவருக்கும் கருவி மாட்டுவது நியாயமா என்பது வேறு கேள்வி. பொய் எச்சரிக்கைகள் உண்மையானவற்றைவிட அதிகம் வரும். ஆள், கருவி, நேரம் மூன்றுக்கும் செலவு உண்டு. அரசு மருத்துவமனையின் நெரிசலில் இதைப் பொது விதியாக்குவது தற்போதைக்கு நடக்காத காரியம்.

அறுவைக்கு முன்னும் பின்னும் பெருவிரலைத் தூக்கச் சொல்லி விரலால் எதிர்த்து அழுத்திப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. முதல் விரல் இடுக்கில் தொடு உணர்ச்சி பார்த்து, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கும் இல்லை. காலில் அழுத்தம் ஏறித் தசை சாகும் நிலையையும் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதே இடுக்குதான். கருவி பற்றிய கட்டுரைகள் குவியும் அளவுக்கு இந்த எளிய சோதனை பற்றி எழுதப்படுவதில்லை.

## தீராதவை

வரைபடம் பற்றிய பெரும் சண்டை ஓய்ந்துவிட்டது. எந்த நரம்பு எந்தத் தசைக்கு என்பதில் ஐயமில்லை. கிளை மட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அறுவைக்கு முன்பே அறிய முடியுமா என்பது திறந்தே இருக்கிறது. உயர்திறன் அல்ட்ராசவுண்ட் பெரோனியல் நரம்பைத் தெளிவாகக் காட்டும். பெருவிரலின் ஒற்றைக் கிளையை வழக்கமான நேரத்துக்குள் காட்டுமா என்பதற்கு உறுதியான விடை இன்னும் கிடையாது.

கெட்ட நரம்பை எவ்வளவு காலம் காத்திருந்து திறப்பது என்பதில் கருத்து இன்னும் விலகியே நிற்கிறது. அறுவையின்போது அறுந்தது என்று தெரிந்தால் உடனே தைப்பது. இழுவை என்றால் சுமார் மூன்று மாதம் பொறுத்து மின்சோதனை செய்து பார்ப்பது. இந்த இரண்டு முனைகளில் பலரும் உடன்படுகிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு, அதாவது இயக்கம் பாதி திரும்பி நின்றுவிட்டவர்களுக்கு, திட்டவட்டமான வழி இல்லை. லூசியானாவில் கிம்மும் கிளைனும் 318 பெரோனியல் அறுவைகளைத் தொகுத்து 2004இல் வெளியிட்டபோது, 6 சென்டிமீட்டருக்கும் குறைவான ஒட்டு நரம்பு வைத்தவர்களில் 75 சதவீதத்தினர் நல்ல பலன் கண்டிருந்தார்கள். 6 முதல் 12 வரை 38 சதவீதம், அதற்கும் மேல் 16 சதவீதம். இடைவெளி நீண்டவர்களுக்கு டிபியல் கிளை ஒன்றை வெட்டி ஆழக்கிளையோடு இணைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. முடிவுகள் இடத்துக்கு இடம் வெகுவாக மாறுவதால், அவர்களில் யாரை நேராகச் செங்கல்பட்டு முறைக்கு அனுப்புவது, யாரை நரம்பு இணைப்புக்குக் காத்திருக்கச் சொல்வது என்பதை இப்போதைக்கு அந்தந்த மருத்துவரின் அனுபவமே முடிவு செய்கிறது.